டக்கெட் ஆடிய வரைக்கும்

ஈரி, பென்சில்வேனியா
அக்டோபர் 9, 2006

அன்பு மகள் ரோசலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரேகானில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஏரிக்காற்று தொடங்கிவிட்டது. அம்மாவால் மாடி ஏற முடியவில்லை, கட்டிலை முன்னறைக்கு இறக்கிவிட்டேன். போனில் நீ கேட்டபோது பரவாயில்லை என்றேன். அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள், வேறு என்ன சொல்வது? சூப்பைத் தவிர எதுவும் இறங்குவதில்லை.

நீ அனுப்பிய அட்டை சேகரிப்பாளர் சனிக்கிழமை வந்தார். பிட்ஸ்பர்க்காரர், நல்ல மனிதர்தான். உன் அண்ணன் லியோன் சேர்த்த, பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை மேஜையில் பரப்பியதும் அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஷ்ராமெக் கம்பெனியின் சாஸேஜ் பாக்கெட்டுக்குள் வந்த அட்டை என்று ஒரு காலத்தில் சீந்துவாரில்லை. மங்கலான அச்சு, கொழுப்புக் கறை. பபிள்கம்மோடு வந்த பளபள அட்டைதான் தெருப் பிள்ளைகளுக்கு உசத்தி. இதையெல்லாம் சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்தார்கள். எவரும் வைத்துக்கொள்ளாததால்தான் இப்போது இந்த மதிப்பாம். லியோன் மட்டும் முழுத் தொகுதியையும் சேர்த்தான். அந்தக் கோடை முழுக்க சாஸேஜ் தின்று தின்று நீ அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு அவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்துலயும் பேனாக் கிறுக்கல் இருக்கே சார். மை எடுக்கிற ஆளு எனக்குத் தெரியும், குடுங்க, சுத்தம் பண்ணிடலாம்" என்றார்.

கட்டிலிலிருந்து அம்மா, "முதல்ல உங்க சட்டையில இருக்கிற கடுகுக் கறைய எடுக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள். அந்த வாய் மட்டும் இன்னும் இளைக்கவில்லை.

ரோசலி, அந்தக் கிறுக்கல் பற்றி உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. ஒரு வீரன் வேறு அணிக்குப் போனதாக ரேடியோவில் சொன்னால், அட்டையில் பழைய ஊரை அடித்துவிட்டுப் புது ஊரை எழுதுவது அந்தக் காலப் பிள்ளைகள் வழக்கம். லியோனும் அப்படித்தான், படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. ஆகஸ்டில் அவன் போய்விட்டான். உனக்கு அப்போது ஆறு வயது. அம்மா அழவில்லை. சவப்பெட்டி இறங்கும்போதுகூட அழவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விர்ஜில் டக்கெட் என்ற பந்து வீச்சாளரை டெட்ராய்ட்காரர்கள் க்ளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டதாக ரேடியோ சொன்னது. கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், லியோனின் அட்டைகள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்தாள். டெட்ராய்ட்டை அடித்து, லியோனின் சாய்ந்த கையெழுத்திலேயே க்ளீவ்லாண்ட் என்று எழுதினாள். அதன் பிறகு காலையில் பேப்பர் வந்ததும் யார் எங்கே மாறினார் என்று பார்த்து அவளுக்குச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டார்கள். ஓய்வு பெற்றவனின் அட்டையைக் கவிழ்த்து அடியில் வைப்பாள். கடைசியில் டக்கெட் மட்டும் மிச்சம். தொப்பை போட்டுவிட்டது, ஊர் ஊராக விற்றார்கள். இவளோ ஜெபமாலையை உருட்டி அவன் தோள்பட்டைக்காக வேண்டிக்கொள்வாள். நான் கேலி செய்தால், "அவன் ஆடுற வரைக்கும் லியோனோட ஆட்டம் முடியலங்க" என்பாள்.

நீ கல்லூரியில் இருந்தபோதுதான் டக்கெட்டை ஆட்டத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள். செய்தியை நான்தான் சொன்னேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அம்மா அழுதாள், ரோசலி. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அந்த வாரமே லியோனின் கட்டிலையும் குளிர்காலக் கோட்டையும் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். விடுமுறைக்கு வந்த நீ, வீட்டை ஒழுங்கு செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாய்.

அம்மா உன்னைவிட அந்த அட்டைகளைத்தான் அதிகம் கொஞ்சினாள் என்று போனில் சொன்னாய். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளை நீ, பாதித் தாயோடு வளர்ந்தாய். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டுமென்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அந்தப் பிட்ஸ்பர்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். "எல்லாம் ஒரே கையெழுத்து. பையன் வளர்ந்து பெரியவனான பிறகும் விடாம எழுதியிருக்கான் போல" என்றார்.

"ஆமா தம்பி, விடவே இல்ல" என்றாள் அம்மா. வாரக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன், அட்டைகளைக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நேற்று பெட்டியை மடியில் வைக்கச் சொன்னாள். "இது ரோசலிக்கு. நானே அவ கையில குடுக்கணும். அவகிட்ட கொஞ்சம் பேசவும் இருக்கு" என்றாள். என்ன பேச்சு என்று கேட்டேன், உங்களிடம் இல்லை என்றுவிட்டாள். பெட்டி இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என்னைத் தொடவிடுவதில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும். விமானம் என்றால் உனக்குப் பயம் என்று அப்பாவுக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் ரயிலில் வராதே, கண்ணு.

உன் அப்பா,
காசிமிர்