டாக்டர் அறையில் நான் பேசிய பேச்சு

குன்னம்,
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

மாண்புமிகு அக்கா தமிழ்மொழி அவர்களின் சமூகத்துக்குத் தம்பி அறிவரசன் பணிவோடு (நம்பு) அறிவித்துக்கொள்வது:

உன் தம்பியின் மேலுதட்டில், இடப்பக்கம், மீசை தோன்றியுள்ளது. வலப்பக்கம் பேச்சுவார்த்தை நடக்கிறது. முடிவு தெரிந்ததும் முறைப்படி அறிவிக்கப்படும்.

இங்கே நான் நலம். கோழி நலம். அப்பாவுக்கு ரெட்டிபாளையத்தில் இந்த வாரம் நைட் ஷிப்ட், சிமெண்ட் லோடு ஏற்றுகிறார். பகலெல்லாம் குறட்டை, அதுவும் நலம்.

போன் இருக்க எதுக்குடா கடுதாசி என்பாய். அம்மாவால் போனைக் காதில் வைத்துப் பிடிக்க முடிவதில்லை, ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறது. நாம் பேசுவது தெருவுக்கே கேட்கிறது. அப்பா போனோ அப்பாவோடு போய்விடும். ராஜதுரை அண்ணன் இன்றைக்குச் சென்னைக்கு வெங்காய லோடு அடிக்கிறார். இதைக் காலையில் உன் நர்ஸ் ஹாஸ்டலில் கொடுத்துவிடுவார்.

திருச்சிக் கதையை முழுசாகச் சொல்லுடா என்று கேட்டாயே, கேள். நீ விசாரித்துச் சொன்னாயே, முடக்குவாதத்துக்குப் புது மருந்து, ஆஸ்பத்திரியில் ஆள் சேர்க்கிறார்கள் என்று, அதற்குப் பெயர் மருந்துச் சோதனையாம். பெயர் வைத்தவர் குன்னத்திலிருந்து பஸ்ஸில் போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி, பை தூக்கிய எனக்கு மூட்டை வலி.

காலையில் அம்மாவுக்கு விரல் மடங்காது. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கும்பிடுகிற மாதிரிதான் குடிக்கும். அந்த நேரத்தில் டாக்டர் பார்த்திருந்தால் அப்போதே சேர்த்திருப்பார். நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது, விரலும் இளகிவிட்டது. இன்னொன்று. முன்னாடி மூன்று நாள் வலி மாத்திரை போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துச்சு. அன்றைக்குப் பெரம்பலூரில் பஸ் மாறும்போது படியில் கால் தூக்க முடியாமல் நின்றுவிட்டது. ஏறும்மா, இல்லன்னா வழிய விடும்மா என்று கண்டக்டர் கத்தினார். அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி முழுங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறினோம். டாக்டர்கிட்ட சொல்லிடாதடா, திட்டுவாங்க என்று என்னிடம் சத்தியம் வேறு.

அங்கே ஒரு மேடம் கேள்வி கேட்டாங்க. காரிலிருந்து இறங்கச் சிரமமா என்றார்கள். கார்ல ஏறினதே இல்லைங்க, ஒரு சிரமமும் இல்லைங்க என்றது அம்மா. குளிக்கிற தொட்டிக்குள் இறங்கச் சிரமமா? அதுவும் இல்லைங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு, ஒரு இல்லைங்க. பருத்தி எடுக்க முடியுதா, குத்தவெச்சா எந்திரிக்க முடியுதா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வியாதி கம்மியாத்தாம்மா இருக்கு, இந்த மருந்துக்கு இன்னும் கடுமையா இருக்கிறவங்கதான் வேணும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையோடு ஆள் சேர்ப்பது முடிகிறது.

இங்கேதான் உன் தம்பி நுழைகிறான். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். மாத்திரை விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சார், உங்க கேள்வியெல்லாம் கார் வெச்சிருக்கவங்க உடம்புக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை, எங்க அம்மாவுக்குப் பத்தாது என்றேன். பருத்திக்காட்டுக் கை ஒன்றைக்கூட சேர்க்காமல் மருந்து கண்டுபிடித்தால், அது அந்தக் கைக்குக் கேட்குமா என்று யாருக்குத் தெரியும் என்றேன். முந்தின நாளே எங்களை இங்கே தங்க வைங்க, விடிந்ததும் அந்தக் கையைப் பாருங்க என்று முடித்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து கை கொடுத்தார். வெள்ளிக்குள் நானே கூப்பிடுகிறேன் தம்பி என்றார்.

போனில் இதைச் சொன்னபோது நீ சபாஷ்டா என்றாய். டாக்டர் கூப்பிடுவார் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். அம்மா அன்றிலிருந்து போனைச் சார்ஜ் குறைய விடுவதில்லை. அடுப்படிக்கும் தூக்கிப் போகுது, கொல்லைக்கும் தூக்கிப் போகுது. லோன் வேணுமா என்று கூப்பிட்ட பெண்ணிடம்கூட, சொல்லுங்க டாக்டர் என்றது. நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கோழியை விரட்டினேன். அது பாட்டுக்கு இருந்தது, பாவம். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ராஜதுரை அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

அக்கா, நான் பேசவே இல்லை.

உள்ளே போனது நிஜம். டாக்டர் நிமிர்ந்து, என்னப்பா என்றார். வகுப்பையே உருண்டு சிரிக்க வைக்கிற வாயைத் திறந்தேன். பாத்ரூம் எங்க சார் என்று கேட்டேன். வலப்பக்கம் என்றார். அவ்வளவுதான். மேலே எழுதிய பேச்சு முழுக்கத் திரும்பி வரும்போது பஸ்ஸில் தோன்றியது. மாத்திரை போட்டது அவருக்குத் தெரியாது. யாரும் கூப்பிடப் போவதில்லை.

நீ பேசு அக்கா. நர்ஸ் சொன்னால் காது கொடுப்பார்கள். என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள், அது நல்ல பேச்சுதான், ஆள்தான் சரியில்லை. என்னைத் திட்டுவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள். மீசை அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் போன் ஒரே ஒரு தடவை நிஜமா அடிக்கட்டும் அக்கா.

இப்படிக்கு,
பாத்ரூம் வரை போய்வந்த வீரன்,
அறிவரசன்