சும்மா கிடக்கிற வீடு

1931, புரட்டாசி, வியாழன் இரவு.

இன்று பட்டறையில் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் கணக்குவழக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி வந்து பக்கத்தில் நின்றார். பயிற்சிக்கு வந்த மாணவர்களைப் பார்த்து அவர் சிரித்ததே இல்லை. இன்று சிரித்தார்.

"தம்பி, கம்பெனி குவாட்டர்ஸ் குடும்பம் உள்ளவங்களுக்குத்தான். மாசக் கடைசியில காலி பண்ணிடு."

சரி என்றேன். அதோடு அவர் போயிருக்கலாம்.

"இல்லன்னா கிள்ளான்ல என் மச்சினன் பொண்ணு இருக்கு. நல்லா சமைப்பா. தை மாசம் கல்யாணத்த முடிச்சிக்கிறேன்னு சொல்லு, நீ வீட்ட விட வேணாம்."

"கமலம் செத்து மூணு மாசம்தான் ஆகுதுங்க ஐயா."

"அதத்தான் சொல்றேன். மூணு மாசமா வீடு சும்மா கெடக்கு."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன். அவர் போனதும் கூடப் பயிற்சி எடுக்கிற அந்தோணி காதருகே வந்தான்.

"பொண்ணு, வீடு ரெண்டும் சேர்ந்து வருது மாப்ள. வேலயும் நிரந்தரமாயிடும். கசக்குதா?"

பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற குவாட்டர்ஸுக்குத் தனியாக நடந்து வந்தேன்.

அடுப்புப் பக்கச் சுவரில் கமலம் மஞ்சள் கையைத் துடைத்துத் துடைத்து ஒரு கறை இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். வேறெங்கும் அவள் கை பட்ட தடம் இல்லை. இந்தச் சுவருக்காகவே சரியென்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் வருகிறவள் முதல் நாளே அதைத் தேய்த்துக் கழுவுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

காலி செய்தால் கம்பெனி ஆள் வந்து அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பான்.

நாளைக்குக் கிராணியிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். சுண்ணாம்பே அடிக்கட்டும்.