கப்பல் தெரியும் வீடு

அன்புத் தங்கச்சிக்கு,

கப்பல் தெரியும் வீட்டில் வாழ நான் கொடுத்துவைத்தவள் என்கிறாய். வருஷாவருஷம் போர்க்கப்பல்கள் வரும் இந்த வாரம் முழுக்க எங்கள் பால்கனியில் சொந்தக்காரர் கூட்டம். பீரங்கி மரியாதை முழங்கும்போது அடுப்படியில் கரண்டிகள் அதிரும். நான் பார்த்த கப்பல் அவ்வளவுதான்.

இன்று கப்பல்கள் கிளம்பும் நேரம் காலி டம்ளர்களை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். ஒரு கப்பலின் மேல்தளத்தில் வரிசையாக நின்ற மாலுமிகளில் ஒருவன் கையசைத்தான். பதிலுக்கு அசைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

“சின்னவனுக்கு உன் தங்கச்சியக் கேக்கலாம்னு இருக்கோம். அடுத்த வருஷம் உனக்கும் ஒத்தாசையா இருக்கும்ல?” என்றார் மாமியார். சிரித்துவைத்தேன்.

வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாயே, உடனே போய்ச் சேர். கப்பல் பார்க்க ஆசை வந்தால் துறைமுகத்தில் எல்லோரையும்போல வரிசையில் நின்று பார். இந்த பால்கனிக்கு மட்டும் வராதே.

உன் அக்கா