காதுக்குப் பின்னால்

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? ஊரார் தலையெல்லாம் நான் பிடித்துவிடுகிறேன், என் தலைவலிக்குத்தான் ஆளில்லை.

தலைபாரம் இறங்க வாராவாரம் மசாஜுக்கு வரும் டீச்சரம்மாவின் காதுக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

“டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா” என்றேன்.

“வலிக்கவே இல்லையே, நீ நல்லா அமுக்கிவிடுப்பா” என்று சிரித்தார்.

முந்தாநாள் அவர் மகள் மட்டும் வந்தாள். “முன்னாடியே பாத்திருக்கணுமாம்” என்றாள்.

அதை விடு. போன லீவில் உனக்கு எண்ணெய் தேய்த்தபோது, இடது காதுக்குப் பின்னால் அதேபோல் ஒன்று கையில் பட்டது. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். தொட்டுப் பார். இருந்தால் அன்றைக்கே அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போ.

இதைச் சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். போன் சட்டைப் பையிலேயே இருக்கிறது.