கணக்கில் சேராத புகை

"மாமா, எதிர்மலையிலே நின்னு பார்த்தா, செத்தவங்க வீட்டுப் புகையும் எங்க வீட்டுப் புகையும் வேற வேறயாத் தெரியுமா?" என்று முன்னொரு காலைப்பொழுதில் ஒரு சிறுமி கேட்டாள். இருபது ஆண்டு தாமதித்து அதற்கு விடை கூறும் ஓலை இது.

மழை பிழையாச் செந்துறை நாட்டைக் காத்தருளும் பேரரசி நங்கை நப்பூதியாரின் முத்திரை மோதிரம் தாங்கி, இறைவரி அமைச்சன் மருதஞ்சேந்தன், ஹசாரா மலைமக்களின் தரேசங் ஊரிலிருந்து, எழுத்தனை அமர்த்தாது தன் கையாலேயே எழுதியது. கணவாய்க் கோட்டைத் தலைவர் இளங்கொற்றனார் காண்க. உமது கோட்டை விளக்கு அணையாதிருக்க. உம் வீரர் ஒவ்வொருவரும் தத்தம் தாய் காத்திருக்கும் வாயிலுக்கு நலமாய்த் திரும்புக.

உம் சிறையில் காலில் வேல்காயத்தோடு கிடக்கும் யஸ்தான் என்பவனைக் கணவாய் முகப்பில் தூக்கிலிட இசைவு கேட்டிருந்தீர். அந்தத் தீர்ப்பைப் பேரரசியார் அமைச்சன் கையில் விட்டிருக்கிறார். தீர்ப்பை முதலில் எழுதி, காரணத்தைப் பின்னர் எழுதுவதே அவை வழக்கம். இவ்வொரு முறை காரணம் முன்னே வருவதைப் பொறுத்தருள்க. காரணம் படிக்காத கை விலங்கைத் திறக்கத் தயங்கும்.

இருபது ஆண்டுக்கு முன் மருதஞ்சேந்தன் இளம் புகைக்கணக்கன். முதற்பனி விழுந்த மறுநாள் விடியலில் எதிர்மலை ஏறி, ஊரில் எழும் புகைகளை எண்ணி, பின் ஊருக்குள் இறங்கி வீடு வீடாய்ச் சரிபார்த்து, ஒரு புகைக்கு ஒரு குடம் நெய் என வரி எழுதுவது அவன் வேலை. தரேசங்குக்குப் போகும் வழியில் பனிப்புயலில் சிக்கி விழுந்தவனை, ஊர்த்தலைவன் யஸ்தான் தோளில் தூக்கித் தன் வீட்டில் கிடத்தினான். மூன்று நாள் புயல் ஓயவில்லை. வறட்டி தீர்ந்தது, முட்செடி தீர்ந்தது. விருந்தாளியின் விரல்கள் நீலம் பாய்ந்தன. அப்போது அவ்வீட்டின் ஆறு வயது மகள் குல்சமன், மூலையில் கிடந்த தன் மரத்தொட்டிலை அடுப்பண்டை இழுத்து வந்தாள். அடுத்த பிள்ளைக்கு ஆகுமே என்று தாய் தடுத்தாள். "எனக்கே இதிலே கால் நீட்ட முடியலே. பொறக்காத பிள்ளைக்கா குளிருது? இவருக்குத்தானே குளிருது" என்றாள் மகள். தொட்டில் எரிந்தது. கணக்கனின் விரல்கள் பிழைத்தன. இவ்வோலையை எழுதுவதும் அதே விரல்களே.

புயல் ஓய்ந்த காலையில் பக்கத்து வீட்டுக் கூரையில் புகை எழுந்தது. அவ்வீட்டுக் கிழவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒருவர் இறந்தால் அவர் வீட்டு அடுப்பை நாற்பது நாள் அணைய விடாமல் காப்பது ஹசாரா மக்கள் வழக்கம். போகும் உயிர் திரும்பிப் பார்க்கும்போது வீடு குளிர்ந்து கிடந்தால் அது மனம் நொந்து போகும் என்பது அவர்கள் எண்ணம். இறைவனை அவர்கள் அழைக்கும் பெயர் வேறு. அழைக்கும்போது நடுங்கும் குரல் நம்முடையதே. அந்தப் புகையைப் பார்த்துத்தான் குல்சமன் அக்கேள்வியைக் கேட்டாள். கணக்கன் சிரித்து, "அரசாங்கத்துக்கு எல்லாப் புகையும் ஒரே நிறம்தான், கண்ணு" என்று அவள் தலையைத் தடவிவிட்டு மலையேறிப் போனான்.

விளையாட்டாய்ச் சொன்ன அச்சொல்லே பின்னாளில் சட்டம் ஆயிற்று. அமைச்சனானபின், கணக்கர் வீடு வீடாய்ச் சென்று கையூட்டு வாங்குவதைத் தடுக்க எண்ணி, எவரும் ஊருக்குள் இறங்கலாகாது, எதிர்மலையில் நின்றே எண்ணுக என்று விதித்தவன் இவனே. நேர்மைக்காகச் செய்த விதி என்று பல ஆண்டு நிம்மதியாய் உறங்கினான். தூரத்தில் நின்று பார்ப்பதும் நடுவில் நின்று பார்ப்பதும் ஒன்றென நினைத்தது அவன் பிழை.

இவ்வாண்டு முதற்பனிக்குச் சற்று முன் தரேசங்கில் மூச்சடைப்பு நோய் புகுந்தது. நாற்பது வீடுகளில் பதினேழு வீடுகள் ஆளின்றி ஒழிந்தன. மிஞ்சியவர்கள் தம் அடுப்பையும் மூட்டி, மாண்டவர் அடுப்பையும் மூட்டினார்கள். இப்போதைய கணக்கன் எதிர்மலையிலிருந்து நாற்பது புகை எண்ணினான். நாற்பது குடம் நெய்யும் இருபத்து மூன்று வீடுகளிலிருந்து பெறப்பட்டது. பிள்ளைகளின் ரொட்டிக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

யஸ்தான் பண்டகசாலையில் முறையிட்டான், துரத்தினார்கள். உம் கோட்டை வாயிலில் முறையிட்டான். இறந்தவரும் நெய் உண்பது உண்டோ என்று காவலர் கேலி செய்ய, "எங்க ஊர்ச் செத்தவங்க உண்பதில்லை ஐயா. எங்க நெய்யைத் தின்னுகிட்டிருக்கிறவங்க யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்று அவன் மறுமொழி கூறியதாக நீரே சினந்து எழுதியிருந்தீர். மூன்றாவதாகத் தலைநகருக்கு விண்ணப்பம் அனுப்பினான். அதன் கீழ் ஒற்றை வரி விடை எழுதப்பட்டது: "புகை எழுந்தது மெய்யாயின் வரியும் மெய்." அதை எழுதிய கை எதுவென்று உமக்குத் தெரியும்.

அதன் பின்னரே அவன் அறுபது பேரோடு பட்டப்பகலில் வந்து கணவாயைப் பாறைகளால் அடைத்துப் பண்டகசாலையைத் திறந்தான். எட்டு ஊர்கள் அவன் பக்கம் எழுந்தன. பதினேழு குடம் கொள்ளை போயிற்று, இருபத்து மூன்று குடத்தைத் தூக்க நேரமின்றி விட்டு ஓடினர் என்று உம் ஓலை கூறியது. அமைச்சன் அவ்வெண்ணை நான்கு முறை படித்தான். அறுபது பேருக்கு இருபத்து மூன்று குடம் சுமையா? அது விட்டுச்சென்ற நெய் அன்று, செலுத்திச்சென்ற வரி என்பது விளங்கிய அன்றே அவன் குதிரை ஏறினான்.

அவன் கோட்டையை அடைந்தபோது யஸ்தான் பிடிபட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. படைக்கு அஞ்சி ஊரே மலைக்குகைகளுக்கு ஓடிவிட, இவன் மட்டும் தினமும் இறங்கி வந்து ஒரு வீட்டில் தீ மூட்டினான் என்றும், அந்தப் புகையே காட்டிக்கொடுத்தது, மூடன் என்றும் நீர் நகைத்தீர். சிறைக்குள் அமைச்சன் தனியே சென்றான். அங்கு நடந்தது உமக்குத் தெரியாது. யஸ்தான் அவனை அடையாளம் கண்டுகொண்டான். தொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உயிரையும் கேட்கவில்லை. இன்று எத்தனையாம் நாள் என்று மட்டும் கேட்டான். பிறகு, "மத்தவங்களுக்கெல்லாம் நாற்பது நாள் முடிஞ்சிருச்சு. கடைசியாப் போனவ என் மக. முப்பத்து மூணு நாள் மூட்டினேன். வாசல்லே ஆட்டுக்கொம்பு மாட்டின வீடு. யாராவது அந்தப் பக்கம் போனா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். அரசாங்கத்திடம் உதவி கேட்கிறோமே என்று நாணினான் போலும்.

எந்த மகள் என்று அமைச்சன் கேட்கவில்லை. யஸ்தானுக்கு ஒரே மகள்.

ஆகவே ஆணை கேட்பீராக. இவ்வோலை கண்ட நொடியே யஸ்தானின் விலங்கைக் களைந்து, அவனைச் சிறையிலிருந்து உம் சொந்த அறைக்கு மாற்றி, மருத்துவர் கையில் ஒப்படைக்க. கால் தரையில் ஊன்ற ஏழு நாள் ஆகும் என்றார் மருத்துவர். அதுவரை அவனை விருந்தினனாய் வைத்து, பின்னர் நல்ல குதிரை ஒன்றும் கம்பளம் ஒன்றும் தந்து அனுப்புக. பதினேழு குடத்தைப் பற்றி எவரும் எவரையும் கேளாதிருக்க. கணவாயில் நிற்கும் படை கோட்டைக்குத் திரும்புக. எட்டு ஊர்களிலும் கணக்கர் வாயில்தோறும் சென்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுக. எதிர்மலை விதி இன்றோடு ஒழிந்தது. அதை விதித்தவன் தன் பதவியைத் திருப்பியளிக்கும் ஓலை பேரரசியாருக்குத் தனியே போகிறது. இதில் உம்மீது குற்றம் யாதும் இல்லை. உமக்குக் காட்டிய இடத்தை நோக்கி நீர் வேலெறிந்தீர், காட்டியவன் வேறொருவன்.

இறுதியாக ஒன்று. அமைச்சன் நேற்று உச்சிப்பொழுதில் இவ்வூரை அடைந்தான். நாற்பது வீடுகளிலும் கதவு திறந்து கிடக்கிறது, நாயும் இல்லை. காற்று ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் பனியைத் தூவிக்கொண்டிருக்கிறது. தன் மெய்க்காவலரைக் கீழோடைக்கு அனுப்பிவிட்டான். இவ்வோலை கொண்டுவரும் குதிரைவீரனும் அங்கிருந்துதான் புறப்படுகிறான். முப்பத்து நான்காம் நாள் அடுப்பு குளிர்ந்தே கிடந்தது. அந்த ஒரு நாளை மீட்டுத்தர எவராலும் ஆகாது. நேற்று மூட்டிய தீயோடு முப்பத்தைந்து. இன்னும் ஐந்து நாள் எஞ்சியிருக்கிறது. ஐந்தும் நிறைந்து, யஸ்தான் மலையேறும் முன்பே அமைச்சன் வேறு வழியாய் இறங்கிப் போய்விடுவான். தீ மூட்டியவர் யார் என்று யஸ்தான் கேட்டால், தெரியாது என்று சொல்வீராக. இவ்வோலையையும் படித்ததும் எரித்துவிடுக.

உம் கோபுரக் காவலன் விடியலில் வடக்கே பார்த்தால், ஆளற்ற ஊரின் நடுவே ஒற்றைப் புகை எழுவது தெரியும். கிளர்ச்சிக்காரர் திரும்பினர் என்று அவன் முரசறைய வேண்டா. படை ஏவ வேண்டா. இன்னதென்று அவனுக்குச் சொல்லவும் வேண்டா.

அந்தப் புகையைக் கணக்கில் எழுதாதிருக்க.

இது பேரரசியாரின் முத்திரை. இது ஆணை.