புள்ளி விடுதியிலேயே இருந்தது

அக்டோபர் 8, செவ்வாய்

மருந்துக்கடையில் இன்று கூட்டம் இல்லை. அதுதான் ஆபத்து. கை சும்மா இருந்தால் போனை எடுத்துவிடுகிறது. போன் வரைபடத்தில் என் மகள் யோவானாவின் நீலப் புள்ளி கல்லூரியை விட்டு ஏதோ ஒரு தெருவுக்குள் போய் நின்றது. அசையவே இல்லை. அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

கடைசியில் எடுத்தாள். வாய் கோணிய பேச்சு. "பல் டாக்டர்கிட்ட இருக்கேம்மா! வாய்க்குள்ள குழாய விட்டிருக்காங்க, நீ விடாம அடிக்கிற. யாரு, போலீஸான்னு டாக்டர் கேக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

எங்கள் ஊர் ரூசேயிலிருந்து அவள் படிக்கும் சோபியா பக்கத்திலா இருக்கிறது? படிக்க அனுப்பும்போது நான் போட்ட ஒரே நிபந்தனை, அவள் இருக்குமிடம் என் போனில் தெரிய வேண்டும் என்பது. சரி என்றுதானே சொன்னாள்?

அக்டோபர் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள். "எனக்கு இருபது வயசும்மா. எங்க நின்னாலும் நீ முதுகுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. சனிக்கிழமை மட்டுமாவது அந்தப் புள்ளிய அணைச்சு வச்சுக்கறேனே."

"அணைச்சுப் பாரு. அடுத்த பஸ்ல நான் அங்க இருப்பேன்."

என் கணவர் கிராசிமிர் ரொட்டியில் மிளகாய்த் தொக்கைத் தடவிக்கொண்டே, "ஸ்த்ராவ்கா, பேசாம அவ கழுத்துல ஒரு மணியக் கட்டிடு. ஆடு தொலையாது" என்றார். இந்த மனிதருக்கு எல்லாமே வேடிக்கை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "சரிம்மா, அணைக்கல" என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா?

நவம்பர் 16, சனி

நாள் முழுக்கப் புள்ளி விடுதியிலேயே. சனிக்கிழமைகளில் இப்போதெல்லாம் அவள் வெளியே போவதே இல்லை. பரீட்சை நெருங்குகிறது. போனை எடுக்கவில்லை — கோபமாக இருக்கட்டும். இருக்கிற இடம் தெரிகிறது, அது போதும். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் மாற்றினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காரில் எழுதுகிறேன். கிராசிமிர் சோபியாவுக்கு ஓட்டுகிறார். கை வேறு எதற்கும் ஆகவில்லை.

காலையில் அவள் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவளோடு அறையில் இருக்கும் பிலியானா. "அம்மா, யோவானா அங்க வந்திருக்காளா?"

"அவ விடுதிலதானே இருக்கா?"

"இல்லம்மா. போன் மட்டும்தான் இங்க இருக்கு."

நேற்று பிலியானா தன் ஊருக்குப் போயிருக்கிறாள். இன்று திரும்பினால், யோவானாவின் படுக்கை கலையாமல் கிடக்கிறது. மேசைமேல் போன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை அறையில் வைத்துவிட்டுத் தனியாக, ஊரை ஒட்டிய விட்டோஷா மலைக்குப் போகிறாளாம். நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று.

மலையில் பனி. நேற்று ராத்திரி முழுக்க. என் பெண். நான் ஊறுகாய்க்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருந்தேனே!

போலீஸ்காரர் போனில் கேட்டார்: "வழக்கமா எந்தப் பாதையில ஏறுவாங்க?" எனக்குத் தெரியவில்லை. அவள் எந்தத் தெருவில் திரும்பினாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மலை பிடிக்கும் என்பதே தெரியாது. பிலியானாதான் சொன்னாள், மடத்துப் பக்கமாக ஏறுவாள் என்று. தேடுகிறவர்கள் அங்கே போயிருக்கிறார்கள்.

கடவுளே, என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். வேகமாப் போங்களேன், கிராசிமிர். ஏன் இந்த லாரி நகரவே மாட்டேங்குது?

நவம்பர் 18, திங்கள்

உயிரோடு இருக்கிறாள்.

நேற்று இருட்டுவதற்குச் சற்று முன் மீட்புக்குழுவின் நாய் கண்டுபிடித்தது. மூடுபனியில் பாதை தவறி, ஓடைச் சரிவில் விழுந்து கணுக்கால் முறிந்திருக்கிறது. பைன் கிளைகளை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "போனையாவது எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா, கண்ணு?"

காற்றுபோல வந்தது பதில். "எடுத்துட்டுப் போனா நீயும் கூட வந்திருப்பேம்மா."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். கிராசிமிர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

டிசம்பர் 3, செவ்வாய்

அவள் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உறைந்து கறுத்துப் போயிருந்தன.

பிப்ரவரி 16, ஞாயிறு

சோபியாவுக்குத் திரும்பிப் போனாள். பஸ் நிலையத்தில் தன் போனை என்னிடம் நீட்டினாள். "நீ பயந்துக்கிட்டே இருக்க வேண்டாம்மா. வேணும்னா பாரு. இனிமே எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

பார்க்கத்தான் வேண்டும் எனக்கு. அவ்வளவு வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போனை வாங்கினேன். அவள் இருக்குமிடத்தைப் பார்ப்பவர் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பஸ் வளைவு திரும்பியதும் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மார்ச் 1, சனி

அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை. வீட்டில் எல்லா ஜன்னல்களையும் துடைத்தேன்.

மே 10, சனி

காலையில் அவளே அழைத்தாள். மலைக்குப் போகிறாளாம். எந்த வழி, எப்போது திரும்புவாள் என்பதையெல்லாம் பிலியானாவிடம் சொல்லிவிட்டாளாம்.

பிலியானாவிடம். 'எனக்குச் சொல்லேன்' என்று நாக்கு நுனி வரை வந்தது. "சரி கண்ணு, போயிட்டு வா" என்றேன்.

பகல் போனதே தெரியவில்லை என்று எழுத ஆசை. ஒவ்வொரு நிமிஷமும் தெரிந்தது. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்துக் கொடுத்தேன்; அவர் சிரித்தார்.

கடையை மூடும்போது போன் அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"அம்மா, உச்சி வரைக்கும் போனேன்! எட்டு விரலோட! உன்கிட்ட பீத்திக்காம வேற யாருகிட்டம்மா பீத்திக்கறது? ... அம்மா? கேக்குதா?"