முகம் பார்க்க வந்தவர்கள்

டோஹா, கத்தார்
12.07.2024

ஷாகிரா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறேன். நீயும் மகள் சஹ்லாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். சஹ்லாவுக்கு எடுத்தால், "உம்மா பேசமாட்டாவாம் வாப்பா" என்கிறாள். புருஷன் பெண்சாதி விஷயத்தைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் லீவில் வரும் ஓட்டமாவடி இஷாமிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று வீடியோவில் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "முகமெல்லாம் தொங்கிப்போச்சு, என்ட உம்மாக்கு மூத்தவ மாதிரி இருக்காய்" என்றேன். அறையில் இருந்த பொடியன்மார் சிரித்தார்கள். பகிடிக்கு இவ்வளவு கோபமா?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். டிசம்பரில் மகளின் கல்யாணம். குடும்பமாக நின்று படம் எடுப்போம், சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள். இங்கே கூட வேலை செய்பவரின் மனைவி ஆர்.எப். என்று ஒரு சிகிச்சை செய்தாவாம். ரேடியோ அலையால் தோலுக்குள் சூடு கொடுத்து இறுக்குவார்களாம். கத்தியுமில்லை, ஊசியுமில்லை. கல்லடியிலும் ஓர் இடத்தில் செய்கிறார்களாம். நாலைந்து தடவை போய் முடித்துவிடு. அதுவரை பூச ஒரு கிரீமும் இஷாமிடம் அனுப்புகிறேன்.

பதினொரு வருடம் வெயிலில் காய்ந்து மகளுக்கு வீடு கட்டியிருக்கிறேன். இதையாவது எனக்காகச் செய்.

பஹ்மி


காத்தான்குடி
28.07.2024

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதமும் கிரீமும் கிடைத்தன.

கிரீமைப் பூசிய அன்றே அவித்த நண்டு போலச் சிவந்துவிட்டேன். கன்னம் எரிந்து இரண்டு நாள் தூங்கவில்லை. என் தோல் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியாதா? புதுச் சவர்க்காரம் போட்டாலே தடிக்கும். கல்யாணத்தன்று பூசிய சந்தனத்துக்கே முகம் வீங்கி, நீங்கள்தான் ஐஸ் வாங்க ஓடினீர்கள். அந்த மனிதர் எங்கே போனார்?

இருந்தும் கல்லடிக்குப் போனேன். ஏன் மறைக்க வேண்டும், எனக்கும் ஆசைதான். தாடை தொங்குவது கண்ணாடியில் எனக்கும் தெரிகிறது. உங்கள் பகிடிக்கு முன்பே தெரியும்.

அங்கே அந்த மெஷினைப் பிடிப்பவள் ஆரையம்பதி சுலோஜனா. முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "சிவந்திருக்கிற முகத்துல நான் சூடு வைக்கமாட்டன் அக்கா. அந்தக் கிரீமத் தூக்கி எறிஞ்சிட்டு, தோல் ஆறினாப் பிறகு வாங்க. காதுக்குக் கீழ சின்ன இடத்துல, குறைஞ்ச சூட்டுல செஞ்சு பார்ப்பம். அது ஒத்துக்கிட்டாத்தான் முகம்" என்றாள். ஒத்துக்கொண்டாலும் கொஞ்சம்தான் இறுகுமாம், அதுவும் மெல்ல மெல்ல மாதக்கணக்கில். இளமை திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். டிசம்பரைச் சொல்லி என்னைத் துரத்தாதீர்கள்.

எல்லாம் எழுதினீர்கள். ஆம்பிளைகள் நிறைந்த அறையில் என் முகத்தைக் காட்டிச் சிரிக்கவைத்ததற்கு வருத்தமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை எழுதுங்கள், நம்பரைத் திறக்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

ஷாகிரா


டோஹா
14.08.2024

ஷாகிராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஊரெல்லாம் செய்கிறார்கள், உனக்கு மட்டும் காதுக்குக் கீழே சோதனையாம்! நீ என்ன கண்ணாடிப் பாத்திரமா? செய்ய மனமில்லை என்றால் நேரே சொல். தோலைச் சாட்டாதே.

பகிடிக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நீ சொல்வதை இனி நம்பமாட்டேன். உம்மாவையும் தங்கச்சி ஹஸீனாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன் முகம் உண்மையில் எப்படியிருக்கிறதென்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் டிக்கட் போடுவதா இல்லையா என்று யோசிப்பேன்.

பஹ்மி


காத்தான்குடி
02.09.2024

பஹ்மி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் உம்மாவும் ஹஸீனாவும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். சும்மா வரவில்லை. தட்டில் தொதல், மஸ்கட் என்று இனிப்புகளும் வாழைப்பழமும் வைத்து, மேலே சரிகைத் துணி போட்டுக் கொண்டுவந்தார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்களன் மதினி" என்றா ஹஸீனா. நான் அசையாமல் இருக்க, போனில் லைட்டைப் போட்டு என் தாடைக்குக் கிட்டப் பிடித்தா. உங்கள் உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் தொங்கிறாப்போலதான் கிடக்கு" என்றா.

தேத்தண்ணித் தட்டோடு வந்த சஹ்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு கேட்டாள்: "உம்மா, எனக்கும் வயசு போனா மாப்பிள்ளைட உம்மா வந்து இப்பிடித்தான் பார்ப்பாவா?" கல்யாணம் பேசி முடித்த பிள்ளை. அன்றைக்குத்தான் அழுதேன். பிறகு அழவில்லை.

சோதனை நல்லபடியாக முடிந்தது. காதுக்குக் கீழே சிவக்கவுமில்லை, தடிக்கவுமில்லை. மெல்லிய சூட்டில் முகத்துக்கும் தொடங்கலாம் என்று சுலோஜனா சொல்கிறாள். செய்வதா விடுவதா என்று நான் யோசித்துக்கொள்வேன். அந்த யோசனையில் இனி நீங்கள் இல்லை.

டிக்கட் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டியது சஹ்லாவின் வீடு. அந்தக் கஷ்டத்தை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கமாட்டாள். உங்கள் உம்மாவின் வீடு ஹஸீனாவுக்குச் சீதனமாகப் போனது. நான் இருப்பது என் வாப்பா எனக்குத் தந்த வீடு. நம்மூரில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். இந்த வீட்டுக்கு வந்தவர் நீங்கள்.

மகளின் கல்யாணத்துக்கு வாப்பாவாக வாருங்கள். அதை யாரும் தடுக்கமாட்டார்கள். படத்திலும் பக்கத்தில் நிற்பேன், இந்த முகத்தோடுதான். தங்குவதற்கு ஹஸீனாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடுப்புகளை அங்கே அனுப்பிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் உங்கள் உம்மா பெண் பார்க்க வந்து, இதே வீட்டில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தா. அன்று என் வாப்பா சரி என்று சொல்லி அனுப்பினார். இப்போது இரண்டாம் தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று வாப்பா இல்லாதபடியால் நானே எழுதுகிறேன். இனிப்புத் தட்டை ஒன்றும் தொடாமல், அந்தச் சரிகைத் துணியாலேயே மூடித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெண் வீட்டாருக்குச் சம்மதமில்லை.

ஷாகிரா